ஒரு முழம் கூடிய தார்: களக்காட்டில் பத்து மாதம் ராக்ஸ் ஓட்டிய அனுபவம்

மகேந்திராவின் தார் என்கிற ஜீப் மாதிரி வண்டி, அதன் பழைய மூன்று கதவு மாடலில் என் அம்மா மொத்தம் மூன்றே தடவைதான் ஏறியிருக்கிறாள். முன்சீட்டை மடக்கி, அந்தச் சந்துக்குள் காலை விட்டு, குனிந்து திரும்பிப் பின்சீட்டில் போய் விழ வேண்டும். வயது எழுபத்திரண்டு, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முன்னாடி உட்காரம்மா என்றால், மருமகளையும் பேத்திகளையும் பின்னால் திணித்துவிட்டு நான் முன்னால் உட்காரவா என்பாள். மூன்றாவது தடவை வள்ளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து இறங்கும்போது, "ஏல, இனிமே நான் பஸ்ஸுலயே வந்துருதேன், நீ உன் வண்டியில வா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனாலேயே எனக்கு உறைத்தது.

அந்த வண்டியை நான்கு வருடம் ஓட்டினேன், ஒரு நாளும் வெறுத்ததில்லை. ஆனால் அது இரண்டு பேருக்கான வண்டி. 2024 ஆகஸ்டில் ஐந்து கதவு வைத்த தார் ராக்ஸ் வந்தபோது என் கண் போனது பின்கதவுக்குத்தான். அக்டோபர் 3ஆம் தேதி புக்கிங் திறந்தார்கள், முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் 1,76,218 பேர் பதிந்தார்கள், அதில் நானும் ஒருவன். வண்டி கைக்கு வந்தது 2025 ஆனியில். டீசல், ஆட்டோமேட்டிக், நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிற ஃபோர் பை ஃபோர், மேல் மாடலான ஏஎக்ஸ்7எல். இப்போது பத்து மாதம், பதினேழாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. திருநெல்வேலி ஜில்லா களக்காட்டில் வீடு, மலையடியில் வாழை. எங்கள் பக்கம் தார் என்றால் முதலில் ஏத்தன் வாழைத்தார்தான், வண்டி அப்புறம்தான். அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன், ஷோரூம் வெளிச்சத்தில் பார்த்து எழுதுகிற விமர்சனம் இல்லை.

முதலில் ஒரே ஒரு அளவைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கிறது. மூன்று கதவுத் தாரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2450 மில்லிமீட்டர். ராக்ஸில் 2850. நாற்பது சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. பூக்காரி கையால் அளந்து தருகிறாளே ஒரு முழம், கிட்டத்தட்ட அவ்வளவு. மொத்த நீளம் 3985லிருந்து 4428 ஆகிவிட்டது, அகலமும் 1870க்கு வந்துவிட்டது, உயரம் 1923. இந்த ஒரு முழம்தான் அம்மாவுக்கு இடம் கொடுத்தது. இதே ஒரு முழம்தான் சில இடங்களில் வண்டியின் வயிறு தரையில் தட்டுமோ என்று யோசிக்க வைக்கிறது. நல்லது கெட்டது இரண்டுக்கும் ஒரே காரணம்.

பின்கதவு நன்றாக அகலமாகத் திறக்கிறது. கைப்பிடி வழக்கமான இடத்தில் இல்லை, கதவின் பின்மேல் ஓரத்தில் கறுப்புக்குள் கறுப்பாக ஒளிந்திருக்கிறது, அதை ஒட்டி அந்த முக்கோணக் கண்ணாடி. முதல் ஒரு வாரம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கதவைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். உள்ளே போய்விட்டால் கால் நீட்ட இடம் இருக்கிறது, தலைக்கு மேல் இடம் இருக்கிறது, சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்க்கலாம், ஏசி காற்று பின்னாலும் தனியாக வருகிறது, மூன்று பேருக்கும் முழு பெல்ட். மூன்று கதவு வண்டியில் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு ஜன்னல் கண்ணாடியை இறக்கக்கூட வழியில்லாமல் இருந்ததை நினைத்துப் பாருங்கள். என் பெரிய மகள் முதல் நாள் ஜன்னலை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி விளையாடினாள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் ஏறுவது? அங்கேதான் கதை. உயரமான வண்டி, பக்கத்தில் படி இருந்தாலும் அம்மாவின் காலுக்கு அந்தப் படியே ஒரு மாடிப்படி. "என்னல இது, மச்சுல ஏறுத மாதிரி இருக்கு" என்று நின்றுவிட்டாள். சரி, தாழ்வாகத் தொங்குகிற இன்னொரு படி மாட்டலாம் என்று பாளையங்கோட்டையில் ஒரு ஆக்சஸரி கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். இரும்புப் படி, கறுப்புப் பெயிண்ட், பதினோராயிரம் வாங்கினார்கள், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்கும் என்று கேட்டதற்கு அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று மட்டும்தான் பதில். பத்தே நாள். வாழைக்குப் போகிற வழியில் ஓடையில் ஒரு உருண்டைக் கல், படி மடங்கிக் கதவுக்கு அடியில் சொருகிக்கொண்டது. கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினால், கல்லில் ஏற்றியது உங்கள் தப்பு என்றார்கள். கல்லில் ஏறத்தானே இந்த மாதிரி வண்டி வாங்குகிறோம்! தாழ்ந்த படி மாட்டினால் காசு கொடுத்து வாங்கிய தரை இடைவெளியை நாமே குறைத்துக்கொள்கிறோம், இதை யாரும் சொல்லித் தருவதில்லை, நான் சொல்கிறேன், மாட்டாதீர்கள். கடைசியில் எங்கள் ஊர் ஆசாரி ஒருவர் பழைய வேங்கைப் பலகையில் ஒரு முக்காலி செய்து கொடுத்தார். டிக்கியில் கிடக்கிறது. அதைப் போட்டு, ஒரு கையால் உள்ளே இருக்கிற பிடியைப் பிடித்துக்கொண்டு அம்மா தானாகவே ஏறிவிடுகிறாள். இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்கிறாள், இன்னைக்கு எங்க போறோம் என்று.

அப்புறம் ஓட்டம். நீளம் கூடியதோடு அடியில் இருக்கிற ஏற்பாட்டையும் மாற்றிவிட்டார்கள். முன்னால் பழையபடி டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் இரண்டு கை தனியாகப் பிடிக்கிற அமைப்பு, பின்னால் ஐந்து தண்டு பிடித்த ஆக்சில், அதோடு வாட்ஸ் லிங்க் என்று ஒன்று. இது என்ன செய்கிறது என்று மெக்கானிக் ஒருவரிடம் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன்: பின் ஆக்சில் மேலும் கீழும் போகும்போது இடது வலதாக நழுவாமல் நடுவிலேயே நிற்கப் பிடித்துக்கொள்கிறது. உட்கார்ந்திருப்பவருக்கு இது எப்படித் தெரியும் என்றால், பாலத்து ஏற்றத்தில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் ஒரு பக்கமாக விசிறுகிற உணர்வு பழைய வண்டியில் இருந்ததே, அது இதில் இல்லை. களக்காட்டிலிருந்து நாங்குநேரி போகிற ரோட்டில் அம்மா தூங்குகிறாள், இதற்கு மேல் எனக்கு வேறு சான்று வேண்டாம். ஆனால் ஒன்று, இது லேடர் பிரேம், அதாவது லாரிக்கு இருக்கிற மாதிரி ஏணிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த வண்டி, கார் இல்லை. மெதுவாகப் போகும்போது, தார் பெயர்ந்து ஜல்லி நீட்டிக்கொண்டிருக்கிற ரோட்டில் அந்தக் குணம் தெரியத்தான் செய்யும். வேகம் கூடினால் அடங்கிவிடுகிறது. காரில் மட்டுமே உட்கார்ந்து பழகியவர்கள் வாங்குவதற்கு முன் இப்படி ஒரு ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும், வண்ணார்பேட்டை மேம்பாலத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது.

எஞ்சின் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை, நல்ல எஞ்சின். 2.2 லிட்டர் டீசல், என்னுடையதில் சக்தி 175 பிஎஸ், இழுவை 370 நியூட்டன் மீட்டர். பழைய தாரில் இதே அளவு டீசல் எஞ்சின் 130 பிஎஸ், 300 நியூட்டன் மீட்டர்தான் கொடுத்தது. ஆறு கியர் ஆட்டோமேட்டிக் அவசரப்படாது, ஆனால் மேட்டில் நின்று கிளம்பும்போது திணறாது. மைலேஜ் எனக்கு ஊருக்குள் பதினொன்று, நான்கு வழிச் சாலையில் நூறைத் தாண்டாமல் போனால் பதினான்கு. டேங்க் 57 லிட்டர்.

நான்கு வழிச் சாலை என்றதும் எங்கள் காற்றைச் சொல்லியாக வேண்டும். வண்டி வந்த வாரமே நாகர்கோவில் போனேன். ஆனி, ஆடியில் பணகுடி தாண்டிக் காவல்கிணறு வரைக்கும் காற்று எப்படி அடிக்கும் என்று அந்தப் பக்கம் ஓட்டியவர்களுக்குத் தெரியும், சும்மாவா முப்பந்தலைச் சுற்றி அத்தனை காற்றாடி நட்டு வைத்திருக்கிறார்கள். ஆறடிக்கு மேல் உயரமும் பெட்டி மாதிரி நேரான பக்கமும் இருக்கிற எந்த வண்டியையும் அந்தக் காற்று தள்ளும், இதையும் தள்ளியது. லாரியை முந்தும்போது, லாரியின் மறைவு முடிகிற இடத்தில் பட்டென்று ஒரு அடி விழும். ஆனால் குட்டைத் தாரில் அந்த இடத்தில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இறுகியிருக்கும் எனக்கு. நீளம் கூடியதால் இது நேர்கோட்டில் நிற்கிறது. இருந்தாலும் அந்தப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரை எண்பதில் போவதுதான் புத்தி.

டவுனுக்குள் வந்தால் அந்த ஒரு முழம் வேறு மாதிரி பேசும். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ரத வீதிகளில் சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த வண்டியோடு போவது ஒரு வேலைதான். கீழ ரத வீதியில் அல்வா வாங்க வண்டியை ஓரம் கட்டலாம் என்று நினைப்பதே தப்பு, தள்ளி எங்காவது விட்டுவிட்டு நடந்துவிடுங்கள். ஆனால் பழைய வண்டியை விடக் கஷ்டம் குறைவு என்றால் நம்புவீர்களா? ஸ்டியரிங் இப்போது எலக்ட்ரிக், ஒரு விரலில் சுற்றுகிறது, பழைய ஹைட்ராலிக்கில் இடுக்குக்குள் திருப்பி எடுத்தால் தோள் வலிக்கும். நாலு பக்கமும் கேமரா, 10.25 அங்குலத் திரையில் சுவரும் சாக்கடை விளிம்பும் தெரிகிறது. பின்கதவு மட்டும் இன்னும் பழைய கதைதான்: முதலில் கண்ணாடி மேலே, அப்புறம் ஸ்டெப்னி தொங்குகிற கதவு பக்கவாட்டில். பின்னால் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டால் சாமான் எடுக்க முடியாது. டிக்கி இடம் கூரை வரை அளந்தால் 644 லிட்டர் என்று கம்பெனி சொல்கிறது, என் அளவில் சொன்னால், பின்சீட்டில் பாதியை மடக்கி ஆறு ஏத்தன் தார், ஒரு மூட்டை உரம், முக்காலி, இன்னும் ஒரு ஆள்.

உள்ளே நிறம் பற்றி ஒரு வார்த்தை. முதலில் வந்ததெல்லாம் வெள்ளை சீட். படத்தில் பார்க்க அழகு, வாழைக்கறை பட்ட வேட்டியோடு ஏறுகிறவனுக்கு அது ஆகாது. நல்லவேளை ஃபோர் பை ஃபோர் மாடலுக்கு மட்டும் மோக்கா பிரவுன் கொண்டுவந்தார்கள், அதைத்தான் எடுத்தேன். முன்சீட்டில் காற்று வருகிற வசதி சித்திரை வெயிலில் ஆடம்பரம் இல்லை, தேவை. மேலே பெரிய கண்ணாடிக் கூரை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, பகலில் நான் அதன் திரையைத் திறப்பதே இல்லை. பாட்டு ஹார்மன் கார்டன் ஒன்பது ஸ்பீக்கர், நன்றாக இருக்கிறது, போதும்.

இனி மண்ணுக்கு வருகிறேன். கார்த்திகை மழையில் எங்கள் வாழைக்குப் போகிற வண்டிப்பாதை களியும் சேறுமாகக் கிடக்கும். ஒரு நாள் ராத்திரி பன்றி இறங்கிவிட்டது என்று ஃபோன் வந்து போகிறேன், பாதி வழியில் இடது பின்சக்கரம் வாய்க்காலுக்குள் நழுவிவிட்டது. ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றிச் சேற்றை வாரி இறைக்கிறது. இந்த இடத்தில் ஃபோர் பை ஃபோர் இருந்தால் மட்டும் போதாது, பிடி இல்லாத சக்கரத்துக்கே சக்தி ஓடிப்போகும். ராக்ஸில் இரண்டு பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பின் டிஃபரன்ஷியலைப் பூட்டுவதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. நாலு சக்கரமும் மெதுவாக, ஆனால் பலமாக இழுக்கிற ஃபோர் லோவில் போட்டு, பட்டனை அமுக்கி, ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் கொடுத்தேன், இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து சுற்ற, வண்டி முனகிக்கொண்டே மேலே வந்தது. டிராக்டர் கூப்பிட வேண்டிய வேலை. முதல் தடவை ஃபோர் பை ஃபோர் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் ஹையில், அதாவது நாலு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கிற நிலையில் போட்டு ஓட்டாதீர்கள். இதில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும், ஓட வழியில்லாமல் உள்ளே முறுக்கு ஏறும். மண்ணில் சக்கரம் லேசாக வழுக்கி அந்த முறுக்கு அவிழ்ந்துவிடும், தார் ரோட்டில் அவிழாது.

சரி, அந்த ஒரு முழம் எங்கே இடிக்கிறது? புரட்டாசி சனிக்கிழமை அம்மாவைத் திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அடிவாரத்தில் என் வண்டியை விட்டுவிட்டு ஊர் வாடகை ஜீப்பில்தான் ஏறினோம். அந்தப் பாதை உங்களுக்குத் தெரியும் அல்லது தெரியாது, பாறையும் உருண்டைக் கல்லும்தான் பாதை. அந்த ஜீப்கள் எல்லாம் பழைய மகேந்திரா, ஏசி கிடையாது, திரை கிடையாது, தகரமும் கம்பியும்தான், ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் எந்தச் சக்கரத்தை எங்கே வைக்க வேண்டும் என்று அந்த டிரைவர்களின் கைக்குத் தெரியும். திரும்பி வந்ததும் எங்கள் டிரைவர் ராக்ஸைச் சுற்றி வந்து குனிந்து அடியில் பார்த்தார். "மூஞ்சி ஏறிரும் அண்ணாச்சி, வால் இறங்கிரும். வயிறுதான் நீளம். நடுவுல தட்டும்" என்றார். அவர் சொன்னது அப்படியே கணக்கு. முன்னால் ஏறுகிற கோணம் 41.7 டிகிரி, பின்னால் இறங்குகிற கோணம் 36.1, இரண்டும் பழைய தாருக்குச் சமம்தான். ஆனால் மேட்டின் உச்சியைத் தாண்டும்போது வயிறு தட்டாத கோணம் பழையதில் 27, இதில் 23.9. காகிதத்தில் மூன்று டிகிரி. எங்கள் வயக்காட்டில் அது எந்த வரப்பைத் தாண்டலாம், எதைச் சுற்றிப் போக வேண்டும் என்கிற வித்தியாசம். பழைய வண்டியில் நேரே தாண்டிய ஒரு வாய்க்கால் கரையை இப்போது நான் சாய்வாகத்தான் தாண்டுகிறேன், ஒரு சக்கரம் ஏறி, அப்புறம் அடுத்தது. முடியாது என்று இல்லை, பழக வேண்டும்.

குறுகின பாதையில் திருப்புவதற்கு இன்டெல்லிடர்ன் என்று ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள், உள்பக்கப் பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு மற்ற சக்கரங்களால் வண்டியைச் சுற்ற வைக்கிறது. மண்ணில் பார்க்க ஆச்சரியமாக இருக்கிறது. நீளத்தைக் கூட்டியவர்கள் அதற்கு ஒரு பரிகாரமும் யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்தது. ஆனால் மண் பறியும், ஈரப் பாதையில் செய்தால் பாதை கெடும், அடுத்தவர் வயலுக்குப் போகிற பொதுப்பாதையில் செய்யக் கூடாது.

மணலையும் பார்த்துவிட்டேன். உவரிப் பக்கம் என் மச்சானுக்குப் பனை விளை இருக்கிறது. திசையன்விளை தாண்டினாலே மண் சிவந்து தேரி ஆகிவிடும், கால் வைத்தால் கணுக்கால் வரை போகும். பங்குனியில் பதநீர் தொடங்கியதும் எல்லோருமாகப் போனோம். டயர் காற்றை இருபதுக்கு இறக்கினேன், மணல் மோடு, ஃபோர் ஹை, அவ்வளவுதான், நிற்காமல், பிரேக் பிடிக்காமல், ஒரே சீராகப் போய்க்கொண்டே இருந்தால் வண்டி படகு மாதிரி போகிறது. நின்றால்தான் வினை. டயர் 255/60, பத்தொன்பது அங்குலம். பழையதில் பதினெட்டு. ரிம் பெரிதாகி டயரின் பக்கச் சுவர் குட்டையாகிவிட்டதால் காற்றை இறக்கினாலும் டயர் விரிந்து கொடுப்பது முன்னளவுக்கு இல்லை, இதை மணலில் நன்றாக உணர்ந்தேன். பார்வைக்குப் பெரிய சக்கரம் கம்பீரம், மணலுக்குச் சின்ன ரிம்தான் நல்லது. திரும்பும்போது காற்றை மறுபடி ஏற்றாமல் ரோட்டில் வேகம் பிடிக்காதீர்கள், ஒரு சின்ன பம்ப் வண்டியிலேயே இருக்கட்டும்.

தண்ணீர். 650 மில்லிமீட்டர் ஆழம் வரை போகலாம் என்பது கம்பெனி கணக்கு, கிட்டத்தட்டத் தொடை ஆழம். 2023 டிசம்பர் 17, 18 எங்கள் ஜில்லாவிலும் தூத்துக்குடியிலும் யாருக்கும் மறக்காது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி எங்கே கரை எங்கே என்று தெரியாமல் போனது. அன்றைக்கு என்னிடம் இருந்தது பழைய தார், அதற்கும் இதே 650தான். தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பி ஒரு பாலத்துக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றேன். ஆழம் முழங்கால்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன், இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த 650 தேங்கி நிற்கிற தண்ணீருக்கு. ஓடுகிற தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும், அடியில் ரோடு இருக்கிறதா அரித்துவிட்டதா என்று மேலிருந்து தெரியாது. ராக்ஸ் பழையதை விடப் பெரியது, கனமானது, அதனால் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பாதுகாப்பில் இது பழையதை விட ஒரு படி மேலே. 2020 தாருக்கு, வண்டிகளை இடித்துப் பாதுகாப்பைச் சோதிக்கிற குளோபல் என்கேப்பில் நான்கு நட்சத்திரம். ராக்ஸை 2024 நவம்பரில் பாரத் என்கேப் இடித்துப் பார்த்தபோது ஐந்து நட்சத்திரம், பெரியவர்களுக்கு 32க்கு 31.09, குழந்தைகளுக்கு 49க்கு 45. ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும். பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு இந்த எண்கள் மற்ற எல்லா எண்களையும் விட முக்கியம். மேல் மாடலில் லெவல் 2 அடாஸ், அதாவது கேமரா, ரேடார் வைத்து ஓட்டுகிறவருக்கு உதவுகிற வசதி இருக்கிறது. நான்கு வழிச் சாலையில் முன்னால் போகிற வண்டியோடு இடைவெளி விட்டுத் தானாகவே வேகத்தைக் கூட்டிக் குறைப்பது மதுரை வரை போகிற நாட்களில் பெரிய நிம்மதி. ஊர் ரோட்டில் அந்த லேன் பிடிக்கிற வசதியை அணைத்துவிடுகிறேன். ஒரு பக்கம் நெல் காயப்போட்டிருப்பார்கள், ஒரு பக்கம் ஆடு, நடுவில் மினிபஸ், கோடு என்று ஒன்று இருந்தால்தானே பிடிக்க.

விலை. அறிமுகத்தில் 12.99 லட்சத்தில் தொடங்கி என்னுடைய மாடல் 22.49 லட்சம், இது ஷோரூம் விலைதான், ரோட்டுக்கு வரும்போது எவ்வளவு கூடும் என்பது வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். நான் எடுத்த மூன்றாம் மாதம், 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய் ஜிஎஸ்டி நாற்பது சதவீதம் என்று ஆகி விலை இறங்கியது. எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது, ஆனால் இப்போது வாங்குகிறவர்களுக்கு நல்லது. ஒரு குறை உண்டு, அது என் சொந்தக் குறை மட்டும் இல்லை: ஃபோர் பை ஃபோர் வேண்டுமென்றால் டீசல் மட்டும்தான். பழைய தாரில் பெட்ரோலிலும் கொடுத்தார்கள். பெட்ரோலில் 177 பிஎஸ் வரைக்கும் வருகிற அருமையான எஞ்சினை வைத்துக்கொண்டு அதைப் பின்சக்கர ஓட்டத்தோடு நிறுத்திவிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாங்குவதற்கு முன் மாருதி ஜிம்னியையும் ஃபோர்ஸ் கம்பெனியின் ஐந்து கதவு கூர்க்காவையும் பார்த்தேன். ஜிம்னி சின்னது, லேசானது, மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ஏறுகிற மாதிரி ஒடுக்கமான மலைப்பாதைக்கு அதைவிட நல்ல வண்டி இந்த மூன்றில் இல்லை, ஆனால் நாலு பேருக்குத்தான் இடம், நாங்கள் ஐந்து பேர். கூர்க்காவில் முன்னும் பின்னும் இரண்டு ஆக்சிலையும் பூட்டலாம், காட்டு வேலைக்கு அது இதைவிடக் கெட்டி, கியர் மட்டும் கையால்தான் போட வேண்டும். தினமும் காட்டுக்குள்ளேயே வேலை என்றால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன். எனக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை ரோடு, சனி ஞாயிறு வயல், நடுவில் கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி. தனி ஆளாக ஓட்டுகிற இளவட்டங்களுக்கு மூன்று கதவுத் தார் போதும், அது இன்னும் கிடைக்கிறது, விலையும் குறைவு, வரப்பும் தாண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ராக்ஸ். ஃபோர் பை ஃபோர் உண்மையாகவே தேவையா என்று ஒரு தடவை யோசியுங்கள், பாளையங்கோட்டையிலேயே வீடும் வேலையும் என்றால் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். முக்காலி அளவைப் போன வாரம் இரண்டு பேர் கேட்டார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்: உயரம் ஒன்பது அங்குலம், பலகை ஒரு அடிக்கு முக்கால் அடி, காலுக்கு அடியில் பழைய சைக்கிள் டயரை வெட்டி ஆணி அடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தார் ரோட்டில் வழுக்கும்.